லுக்குட்டில் ஒரு நீலக் கதவு

மூன்று மோட்டார் சைக்கிள்களைத் திருடியதாக நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஓர் ஆட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நானாகத்தான் சொன்னேன்.

எதையும் நான் திருடவில்லை. எனக்கு மோட்டார் சைக்கிளே சரியாக ஓட்ட வராது. தெமியாங்கில் என் வீட்டுக்கு ஏறும் சின்ன மேட்டில்கூட வண்டியை அணைத்துவிட்டு இறங்கித் தள்ளுகிறவன். அப்படிப்பட்ட நான், லுக்குட்டுக்கு உள்ளே தள்ளியிருக்கும் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், பட்டப்பகலில், ஊரே பார்க்க, மூன்று மொழிகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அதுவும் சட்டத்தின் ஆட்சியைப் பரப்ப நடந்த நிகழ்ச்சியில்.

மூன்று மொழி என்பது தொழில் பழக்கம். பல வருடங்கள் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். அந்த வேலையில் ஒரு விதி உண்டு. கூண்டில் நிற்பவன் ‘நான் எடுத்தேன்’ என்றால் மொழிபெயர்க்கிறவனும் ‘நான் எடுத்தேன்’ என்றுதான் சொல்லவேண்டும். ‘அவன் எடுத்தானாம்’ என்று ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. இப்படி ஊரான் பெயரில் நான் திருடியிருக்கிறேன், வெட்டியிருக்கிறேன், கடைக்குத் தீ வைத்திருக்கிறேன். ஒருமுறை மாமனாரை இரும்புக் கம்பியால் அடித்தேன். அன்றைக்குப் பார்த்து என் மனைவி கோர்ட்டுக்கு வந்திருந்தாள். வீட்டுக்குப் போனதும், “சொல்லும்போது ஒங்க மொகத்துல ஏன் அவ்வளவு சந்தோஷம்?” என்று கேட்டாள்.

கோர்ட்டு வேலையை விட்ட பிறகு கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தேன். அப்படித்தான் ஒரு வெள்ளைக்கார அம்மா கூப்பிட்டார். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் ஆள். உலகத்தில் எங்கெங்கே ஜனங்கள் சட்டத்தைத் தங்கள் கையில் எடுக்கிறார்களோ அங்கெல்லாம் போய் அதைத் திரும்ப வாங்கிச் சட்டத்திடமே கொடுப்பது அவர்கள் வேலை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் திருட்டு பெருகியிருந்தது. திருடன் என்று பிடிபட்டவனைப் பாலாய்க்கு, அதாவது போலீஸ் ஸ்டேஷனுக்கு, முழு ஆளாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது குறைந்திருந்தது. ஒரு தோட்டத்தில் ஒருவன் செத்தே போனான். அவன் திருடனா, வழி தவறி வந்தவனா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கேட்பதற்கு அவன்தான் இல்லையே.

அந்த அம்மாவிடம் ஒரு நாடகம் இருந்தது. போன நாடுகளில் எல்லாம் பலன் தந்த நாடகம். திருடனை இழுத்து வந்து கட்டுவார்கள். கூட்டம் அடிக்கக் கை ஓங்கும். சரியாக அந்த நேரத்தில் அம்மா ஒரு சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டுவார். அதில் ‘நில், யோசி’ என்று எழுதியிருக்கும். எழுதியவன் நான். உடனே எல்லோரும் ஓங்கிய கையோடு சிலைபோல நிற்பார்கள். பிறகு பார்க்கிறவர்களிடம் கேள்வி கேட்போம். இவன் எடுத்ததைக் கண்ணால் பார்த்தது யார்? இவனிடம் யாராவது விசாரித்தீர்களா? அப்புறம் போலீஸ், வக்கீல், நீதிபதி என்று முறையாகப் போகும்.

நீதிபதியாக நடிக்க, தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒப்புக்கொண்டார். கறுப்பு அங்கி போட்டு, மேசையில் தட்ட ஒரு மரச் சுத்தியலும் வாங்கிக் கொடுத்தேன். நல்ல கனமான சுத்தியல். திருடனாக நடிக்க வேண்டிய பையன்தான் கடைசி நேரத்தில் வரவில்லை. அவன் அம்மா விடவில்லை.

“கல்யாணம் ஆக வேண்டிய புள்ள சார். நாளைக்குப் பொண்ணு பாக்கப் போனா, கம்பத்துல கட்டி வச்ச பயதானேன்னு கேப்பாங்க.”

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போகும் அவசியமும் இல்லை. ஆகவே திருடன் நானானேன்.

அடுத்து வெள்ளைக்கார அம்மா கேட்ட ஒரு கேள்விதான் என் தோள்பட்டையை முறித்தது. “இந்த ஊரில் ஜனங்களை எப்படிக் கூப்பிடுவீர்கள்?” எங்கே போனாலும் அந்தந்த ஊர் வழக்கப்படிதான் தொடங்குவாராம். நான் தோட்டத்தில் பிறந்தவன். சட்டென்று சொன்னேன்: பெரட்டு மணி. விடிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அதற்கு அடிக்கும் மணி, அதாவது ஒரு தண்டவாளத் துண்டு, திடலோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நான் தோட்டத்தை விட்டுப் போன பிறகு ஒன்று நடந்திருக்கிறது. பெரட்டு வாட்சாப்புக்குப் போய்விட்டது. இப்போது அந்த மணியை இரண்டே காரியத்துக்குத்தான் அடிக்கிறார்கள். தீப்பிடித்தால் அடிப்பார்கள். திருடன் அகப்பட்டால் அடிப்பார்கள். சத்தம் கேட்டால் காட்டில் இருப்பவர்கள் கையில் இருப்பதைக் கீழே போடாமல் ஓடிவர வேண்டும் என்பது தோட்டத்து ஏற்பாடு. இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தைப் பற்றி எல்லாம் தெரிந்த எனக்குத்தான் தெரியாது.

நீதிபதி அம்மாள் மட்டும் அங்கியைச் சரிசெய்துகொண்டே கேட்டார். “மணியா சார் அடிக்கப் போறீங்க? காட்டுல உள்ளவங்களுக்குச் சொல்லியாச்சா?”

“மண்டோர் எல்லாருக்கும் வாட்சாப்ல போட்டுட்டாரும்மா.”

மண்டோர், அதாவது ஆட்களை வேலை வாங்கும் கங்காணி, போட்டிருந்தார், உண்மை. செம்பனைக் காட்டுக்குள் லைன் கிடைக்காது என்பதும் உண்மை. போட்டுவிட்டு அவர் பகல் சாப்பாடு எடுக்க லுக்குட்டுக்கு லாரியில் போய்விட்டார்.

என்னைத் திடலில் இருந்த கால்பந்து கோல் கம்பத்தில் கட்டினார்கள். முடிச்சு தளர்வாக இருந்ததால், நானே இறுக்கிக் கட்டச் சொன்னேன். இயல்பாக இருக்க வேண்டுமே. மணி அடித்தது. நாடகத்தில் கூட்டமாக நடித்த பெண்கள் “திருடன், திருடன்” என்று கத்தினார்கள். ஒத்திகையைவிட நன்றாகவே கத்தினார்கள்.

முதலில் செம்பனை வரிசைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் பாதுகாப்புத் தொப்பி வந்தது. பிறகு நாலைந்து. பிறகு எண்ணுகிற நிலையில் நான் இல்லை. தமிழர், இந்தோனேசியர், பங்களாதேஷ்காரர் எல்லோரும் ஒற்றுமையாக வந்தார்கள். பாராங் கத்தி, குலை தூக்கும் கொக்கி, நீளக் கம்பில் கட்டிய அறுவாள், ரப்பர் பூட்ஸ். நான் பார்வையாளர்கள் பெருகிவிட்டார்கள் என்று பூரித்தேன்.

முன்னால் வந்தவர் குலை வெட்டுகிறவர், என்னைவிடச் சின்ன வயது. அவருடைய மோட்டார் தொலைந்து நாளாகவில்லை. கடனை அடைத்து முடித்த மறு வாரமே போய்விட்டதாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் கையில் ஒரு செம்பனை மட்டை, அடிப்பக்க முள்ளோடு. அது என் தொடையில் இறங்கியபோது நான் மெதுவாகச் சொன்னேன்: “தம்பி, ஆக்டிங் கொஞ்சம் ஓவர் லா.”

அடுத்தது வாயில் விழுந்தது.

என் வசனம் இதுதான்: ‘ஐயா, அடிக்காதீர்கள், என்னை விசாரியுங்கள்.’ மூன்று நாள் பாடம் செய்தது. அதில் ஒரு எழுத்துகூட வரவில்லை. யாரோ பூட்ஸ் காலால் முழங்காலில் உதைத்தார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பால் காதில் அடித்தான். அந்தக் காதில் இன்னும் மணி அடிக்கிறது, யாரும் ஓடிவருவதுதான் இல்லை. பாராங்கைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் தோளில் போட்டார்கள். எலும்பு முறிந்த சத்தம் வெளியே எவ்வளவு கேட்டதோ, உள்ளே முறுக்கைக் கடித்த மாதிரி கேட்டது. குலை தூக்கும் கொக்கியின் முனை தொண்டைக் குழியில் வந்து நின்றது. நின்றதே ஒழியக் குத்தவில்லை. அது குத்தியிருந்தால் இதை நீங்கள் வேறு யாராவது எழுதித்தான் படிக்க வேண்டும்.

“எங்கடா என் மோட்டா?”

அப்போதுதான் பல வருடத்துத் தொழில் என் வாயைத் திறந்தது. “நான்தான் எடுத்தேன்” என்றேன், தெளிவாக, கோர்ட்டில் சொல்வதைப்போல. இது நாடகம் என்று சொல்லியிருக்கலாம். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். அம்மா என்றாவது கத்தியிருக்கலாம். எதுவும் தோன்றவில்லை. பங்களாதேஷ்காரர்களுக்குத் தமிழ் புரியாதே என்ற நல்லெண்ணத்தில் மலாயிலும் ஒப்புக்கொண்டேன். ஒருவேளை மேனேஜர் தொரை வந்தால் என்று ஆங்கிலத்திலும் சொல்லிவைத்தேன். ஒன்று என்றேன், அடி நிற்கவில்லை. மூன்று என்றேன். ஆட்டைச் சொன்னதும் அப்போதுதான்.

“எங்க வச்சிருக்க?”

“லுக்குட்டு.”

“லுக்குட்டுல எங்க?”

“கடை வரிசைக்குப் பின்னாடி. வொர்க்‌ஷாப். நீலக் கதவு.”

நீலம் என் வீட்டுக் குளியலறைக் கதவின் நிறம்.

இதெல்லாம் நடக்கும்போது வெள்ளைக்கார அம்மா முதல் சில நொடிகள் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். எந்த நாட்டிலும் இவ்வளவு ஈடுபாட்டை அவர் பார்த்ததில்லை. பிறகு என் வாயிலிருந்து வந்த ரத்தம் சாயத் தண்ணீர் இல்லை என்று புரிந்திருக்கிறது. சிவப்பு அட்டையைத் தூக்கினார். ‘நில், யோசி.’ யாரும் நிற்கவுமில்லை, யோசிக்கவுமில்லை. ஒருவன் அதைப் பிடுங்கி அதாலேயே என்னை அடித்தான். அந்த அம்மா ஓடிவந்து ஓங்கிய ஒரு கையைப் பிடித்துத் தொங்கினார். முழங்கை அவர் மூக்கில் இடித்து, வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். அப்போதும் அவர் கையை விடவில்லை. அதைப் பற்றி நான் கிண்டலாக எதுவும் சொல்ல மாட்டேன்.

அடியை நிறுத்தியது நீதிபதி. அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். மரச் சுத்தியலால், மோட்டாரைத் தொலைத்த அந்த மோட்டார்க்காரரின் மணிக்கட்டில் ஒரே அடி. மட்டை கீழே விழுந்தது. பக்கத்தில் நின்றவனுக்கு விலாவில் ஒன்று.

“எருமைங்களா. இவரு கோர்ட்டுக்கார சாரு. நாடகம்டா இது.”

கூட்டம் நின்றது. கொக்கி கீழே இறங்கியது. மோட்டார்க்காரர் வீங்கும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நியாயமாக ஒரு கேள்வி கேட்டார்.

“நாடகத்துக்கு எதுக்கு மணி அடிச்சீங்க?”

பதில் தெரிந்த ஒரே ஆள் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் தோளுக்குக் கட்டுப் போட்டார்கள். மூன்றாம் நாள் மோட்டார்க்காரர் பார்க்க வந்தார். ஒரு கையில் மாவுக்கட்டு, மறு கையில் ஆரஞ்சுப் பை. வாயைத் திறந்தால் முன்பல் ஒன்று இல்லை. அன்றைக்குத் திடலில் அந்தப் பல் அவர் வாயில் இருந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மிக அருகில் பார்த்தேன்.

“மன்னிச்சிருங்கண்ணே” என்றார். பிறகு நாற்காலியை நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டார். “ஆனா உண்மைய சொல்லுங்க. மோட்டா எங்க?”

“தம்பி, அது நாடகம்.”

“நாடகந்தான். ஆனா நீலக் கதவுன்னீங்களே. சும்மா சொல்ற ஆளு கலரோடயா சொல்வான்?”

எனக்கு அடி விழுந்த அன்று மாலையே நாலு பேராக லுக்குட்டுக்குப் போயிருக்கிறார்கள். கடை வரிசைக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு வொர்க்‌ஷாப், நிஜமாகவே நீலக் கதவு. கதவை உதைத்துத் திறந்திருக்கிறார்கள். உள்ளே கடை முதலாளியான ஒரு வயதான சீனத் தௌக்கேயும் ஒரு நாயும். நாய் ஒருவனின் ஆடுசதையைப் பிய்த்துவிட்டது. தௌக்கே ஸ்பேனரை வீசியதில் பல் போனது. இவர்கள் பதிலுக்கு அந்தக் கிழவரைத் தள்ள, அவர் மண்டை உடைந்தது. உள்ளே இருந்தவை எல்லாம் புல்வெட்டும் இயந்திரங்கள். ஒரு மோட்டாரும் இல்லை. அப்புறம் மண்டோர் போய்க் காலில் விழாத குறையாகப் பேசி, தையல் செலவையும் ஏற்றுக்கொண்டாராம்.

“உங்க பேச்ச நம்பிப் போனேண்ணே” என்றார், என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டு ஏமாந்தவரைப்போல. ஆரஞ்சை உரிக்க அவருக்கு ஒரு கை, எனக்கு ஒரு கை. இருவருமாகச் சேர்ந்து உரித்தோம்.

இரண்டாவது கூட்டத்துக்கு நான் வரவே மாட்டேன் என்றுதான் சொன்னேன். மூக்கில் பிளாஸ்திரியோடு வந்து உட்கார்ந்த அந்த அம்மாவிடம் அதைத் திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை. நிபந்தனைகள் போட்டேன். மணி கூடாது, கயிறு கூடாது, நாடகம் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றார். மண்டோர் மணியின் மேல் ஒரு கோணிப்பையைச் சுற்றிக் கட்டியும் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பகல். திடலோரம் கூடாரம் போட்டு, பேச்சு, பிறகு கோழிக்கறிச் சாப்பாடு. தோட்டமே வந்திருந்தது. வீடுகளில் ஆளில்லை. எங்கள் திட்டம் இவ்வளவு வெற்றி அடைந்ததில் யாருக்கு மகிழ்ச்சியோ இல்லையோ, வீட்டு வரிசையில் ஒரு மோட்டாரின் பூட்டை உடைத்துக்கொண்டிருந்தவனுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். குழம்புச் சட்டி எடுக்கப் போன ஒரு பெண் பார்க்கும்வரை.

கோணிப்பையைக் கிழித்து யாரோ மணியை அடித்தார்கள்.

என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. நினைவு வந்தபோது சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்தேன், நல்ல தோளை முன்னால் வைத்து, சோற்றுத் தட்டோடு. தட்டில் இருந்த கோழிக்கால் கீழே விழவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

மேசை விரிப்புக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு ஜோடிக் கால்கள் நடக்கவில்லை, இழுபட்டன. அதே கோல் கம்பம். கட்டினார்கள். அடிக்கும் சத்தம் வெளியிலிருந்து கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது, ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல. அவன் தமிழில்தான் கத்தினான். கடல் கடந்து தாய்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, முதலாளியிடமிருந்து ஓடிப்போன ஆள் என்று பேச்சிலேயே தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் எனக்குத் தோளில் வலித்தது. புல்லில் ஒரு பல் வந்து விழுந்தது, எனக்கு எட்டும் தூரத்தில். “எடுத்தேன், எடுத்தேன்” என்றான். “அதுக்கு முன்னாடி உள்ளதும் நான்தான்” என்றான். அடுத்து ஆடு வரும் என்று எனக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் செத்தவனுக்கும் இப்படித்தான் ஒவ்வொன்றாக வந்திருக்கும்.

மோட்டார்க்காரரின் குரல் கேட்டது. “என் மோட்டா எங்கடா?”

“லுக்குட்டு” என்றான் அவன். “லுக்குட்டுலண்ணே. கடைக்குப் பின்னாடி.”

அடி நின்றது.

யாரும் சிவப்பு அட்டையைத் தூக்கவில்லை. அட்டையே அன்று எடுத்து வரவில்லை. ஒரு குரல், “அங்கதானே போனோம்” என்றது. இன்னொருவன் ஆடுசதையைத் தடவிக்கொண்டிருந்தான், அதுவும் எனக்குத் தெரிந்தது. பிறகு ஒரு ஜோடிக் கால்கள் மேசையை நோக்கி வந்தன. விரிப்பு விலகி மோட்டார்க்காரரின் தலை கீழே குனிந்தது. வேர்த்திருந்தது. பல் போன இடத்தில் நாக்கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே. வெளிய வாங்க.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி.”

“அடிக்க மாட்டேன், வாங்க.”

வந்தேன். தட்டையும் கொண்டுவந்துவிட்டேன்.

“அன்னிக்கி ஏன் லுக்குட்டுன்னு சொன்னீங்க?”

“கிட்ட இருக்கற ஊரு அதுதான். வேற பேரு வாயில வரல. ஏதாச்சும் ஒண்ணு சொன்னா அடுத்த அடி விழாதுன்னு சொன்னேன்.”

“கதவு?”

“எங்க வீட்டுக் கக்கூசு கதவு.”

அவர் கையில் இருந்த கட்டையைப் பார்த்தார். திருடனைப் பார்த்தார். அவனுக்கு ஒரு கண் மூடியே போயிருந்தது.

“அப்ப இவன் ஒங்க மோட்டாவ எடுக்கலியா?” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

“எடுத்திருப்பான். யாருக்குத் தெரியும்” என்றார் மோட்டார்க்காரர். “அடிச்சிக்கிட்டு இருக்கற வரைக்கும் நமக்குத் தெரியப் போறதில்ல. அடிச்சா எல்லாப் பயலும் லுக்குட்டுன்னுதான் சொல்றான்.”

கட்டையைப் போட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஆயாக் கொட்டகை அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கட்டப்பட்டவனின் வாயில் ஊற்றினார். ஊற்றிய தண்ணீர் சிவப்பாகத் திரும்பி வந்தது. மண்டோர் பாலாய்க்குப் போன் போட்டார். வெள்ளைக்கார அம்மா என்னிடம், அவர் என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மொழிபெயர்த்தேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை. அதே புல்லில், மோட்டார்க்காரருக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

போலீஸ் வண்டி வந்தது. அவனுக்கு மலாய் அரைகுறை என்பதால் கூடவே ஒருவர் வந்தால் நல்லது என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

ஏறி உட்கார்ந்ததும் மோட்டார்க்காரர் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

“அண்ணே, அங்கயும் இவன யாரும் அடிக்காம பாத்துக்குங்க. அடிச்சாங்கன்னா மறுபடியும் லுக்குட்டுன்னு சொல்லித் தொலைப்பான். அங்க போக எனக்கு இன்னொரு பல்லு இல்ல.”

வண்டி செம்பனைக்குள் திரும்பியது. பக்கத்தில் இருந்தவன் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தான். முன்னால் இருந்த போலீஸ்காரர் அவனுக்கு என்ன ஆச்சு என்று மலாயில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அவன் உடைந்த உதட்டை அசைத்து, “பயமாருக்கு” என்றான்.

“எனக்குப் பயமாக இருக்கிறது” என்று மலாயில் சொன்னேன். அதில் மொழிபெயர்ப்பு எவ்வளவு என்று எனக்கே தெரியாது. போலீஸ்காரர் கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ஒரு தண்ணீர் போத்தலைப் பின்னால் நீட்டினார்.

வண்டி லுக்குட்டைத் தாண்டித்தான் போனது. கடை வரிசை வந்ததும் நாங்கள் இருவரும், யாரும் சொல்லாமலே, ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டோம்.